வேம்பிடம் கேட்காத உத்தரவு

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. பாலக்காட்டுச் சித்தூருக்குக் கிழக்கே எங்கள் புன்செய்க் காட்டு வீட்டில் பிறந்தவர். ஏர் பிடிக்க அனுப்பினால், ஏர் மாட்டைக் கரியால் சுவரில் எழுதி வைத்துவிட்டு நிற்பார். பிடிவாதம் மட்டும் தந்தையாரைப் போலவே.

எங்கள் பக்கத்தில் மரம் வெட்டும் முன் அதன் அடியில் மஞ்சள் நீர் ஊற்றி உத்தரவு கேட்பது வழக்கம். மழை பொய்த்த ஓர் ஆண்டில், கிணற்று ஏற்றத்துக்கு அவசரமென்று தந்தையார் கேட்காமலே களத்து வேம்பை வெட்டிவிட்டார். அண்ணனுக்குத் தூளி கட்டிய மரம் அது.

"கேக்காம வெட்டிப்போட்டீங்களே, ஐயா!"

"என்ற காடு, என்ற மரம். நீ யார்றா கேக்கறதுக்கு?"

அன்றே வீட்டைவிட்டுப் போன அண்ணன் பதினோரு வருடம் திரும்பவில்லை. பீர்மேட்டுத் தோட்டத்தில் தேயிலைப் பெட்டிகளுக்கு எண் எழுதிப் பிழைத்தார். ஓய்ந்த நேரமெல்லாம் படம்தான்.

பிறகு பாலக்காட்டில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் அவர் படங்களைக் காட்சிக்கு வைத்தார்கள். ஓடையில் எருமை கழுவும் பெண், கொழுந்து கிள்ளும் கைகள், நடுவே எங்கள் வேம்பு, அதன் நிழலில் தந்தையார். எல்லாம் நீர் வர்ணம். "ஐயன எப்படியாச்சும் கூட்டிட்டு வா, அம்மிணி" என்று எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். தந்தையாரோ, "எனக்குச் சோலி கெடக்குது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் வந்தார், துண்டுக்குள் ஒரு செம்பை மறைத்துக்கொண்டு.

வேம்பின் முன் வெகுநேரம் நின்றார். நான் தடுப்பதற்குள் செம்பிலிருந்த மஞ்சள் நீரைப் படத்து மரத்தின் அடியில் ஊற்றிவிட்டார்! வேரெல்லாம் கரைந்து வழிந்தது. "என்னுங்கய்யா பண்றீங்க!" என்று அத்தனை பேர் முன்னால் கத்திவிட்டேன். அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

அண்ணன் வந்து தந்தையாரின் கையைப் பிடித்துக்கொண்டார். "உடு அம்மிணி, கேட்டுட்டாருல்ல. ஊட்டுக்குப் போலாமுங்கய்யா."

அந்தப் படத்தைத் திருத்தச் சொன்னவர்களிடம் சிரித்ததோடு சரி. கடைசிவரை கரைந்த வேரை அவர் மறுபடி எழுதவேயில்லை.

மலைக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்து அவரைக் கொண்டுபோயிற்று. இரவு பகல் பாராமல் மருந்து கொடுத்த வைத்தியருக்கும், பீர்மேட்டிலிருந்து நடந்தும் வண்டியேறியும் வந்து சேர்ந்த தோட்டத்து நண்பர்களுக்கும், தோள் கொடுத்த பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

சிதைக்கு மாமரம் வெட்ட ஆட்கள் வந்தபோது, தந்தையார் அவர்களை நிறுத்தினார். இருவர் தாங்கிப் பிடிக்க, மரத்தடியில் மஞ்சள் நீர் ஊற்றினார். "என்ற மகனுக்கு வேணும், சாமி. உத்தரவு குடு" என்றார்.

அந்த மாமரத்துக்கும் எங்கள் நன்றி.