ஹெர்மோவுக்கு அடுத்தது ஹெர்னே

என் கணவர் வெல்டிங் வேலைக்காகப் பின்லாந்து போனதும், அந்த நாட்டு மொழியைத் தொலைபேசியில் எனக்குக் கற்றுத்தரத் தொடங்கினார். நானும் அங்கே போவதாக ஏற்பாடு. அவருடைய வேலையை வைத்துத்தான் எனக்கு விசா. அதற்காக, பல்லேகலத் தொழிற்சாலையில் நான் பார்த்துவந்த தரப் பரிசோதனை வேலையை விடவேண்டும். அவர் வேலை ஆட்டம் கண்டால் இருவருக்கும் ஒன்றும் இருக்காது.

மனநிலையைச் சொல்லும் மரபுத்தொடர்களைத்தான் அவர் பாடமாக எடுத்துக்கொண்டார். இலக்கணம் புத்தகத்தில் கிடைக்கும், இது மனிதர்களிடம்தான் கிடைக்கும் என்றார். தொடக்கத்தில் ஒவ்வொரு தொடரும் ஓர் ஆளோடு வந்தது. கோப்பி இயந்திரம் பழுதாகி நின்ற ஒரு காலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர், "தலையில் எடுக்கிறது" என்றாராம். எரிச்சல் என்று பொருள். மேற்பார்வையாளர் சிடுசிடுத்தால், பிழையான காலால் எழும்பிவிட்டார் என்று கோப்பி அறையில் பேசிக்கொள்வார்களாம். அந்த அறையில்தான் அவருக்குப் பாதி மொழி கிடைத்தது.

எந்த அளவீட்டையும் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் ஏற்றுக்கொள்ள எனக்குத் தெரியாது. ஒவ்வொரு தொடருக்கும் யார் சொன்னார், எதற்காகச் சொன்னார் என்று கேட்பேன். அவரும் சலிக்காமல் சொல்வார்.

பிறகு தொடர்கள் ஆட்கள் இல்லாமல் வரத்தொடங்கின. ஹெர்மோ என்றால் நரம்பு. நரம்பு போய்விட்டது என்றால் பொறுமை போய்விட்டது என்று அர்த்தம். அடுத்த நாள் ஹெர்னே, பட்டாணி. சின்ன விஷயத்துக்கும் மனம் நோகிறவர், பட்டாணியை மூக்குக்குள் இழுத்துக்கொண்டவராம். பன்விலவிலுள்ள பிறந்த வீட்டுக்குப் போயிருந்தபோது இதை அம்மாவிடம் சொன்னேன்.

"மூக்குல பட்டாணி போனா ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும். மாப்பிள்ள ஒன்னய நல்லா ஏமாத்துறாரு," என்றார்.

அம்மா விளையாட்டுக்குச் சொன்னார். எனக்கு அது விளையாட்டாகத் தங்கவில்லை. யார் சொன்னது என்று அன்று கணவரிடம் கேட்டபோது, யாரோ சொன்னார்கள் என்றார். அதற்கு முன் அவர் பேச்சில் 'யாரோ' வந்ததே இல்லை.

அடுத்தது குர்க்கு, தொண்டை. அழுகை முட்டும்போது தொண்டையில் ஒரு துண்டு நிற்கிறது என்பார்களாம். வெள்ளரிக்காய்க்கும் அதே சொல்தான் என்று சிரித்தார். அதற்கடுத்தது மா, நிலம். மனம் உடைந்து திரிகிறவரை, தன் நிலத்தை விற்றவர் மாதிரி இருக்கிறார் என்பார்களாம்.

"நம்ம தோட்டத்து ஆளுங்களுக்கு ஏது காணி? விக்காமலே அப்புடித்தான் நடக்கிறோம்," என்றார்.

நானும் சிரித்தேன். ஆனால் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தேன். முன்பு அவர் குரலுக்குப் பின்னால் கேட்ட இயந்திர இரைச்சல் இப்போது இல்லை. குரலைத் தாழ்த்தியே பேசினார். அழைக்கும் நேரமும் மாறியிருந்தது. கேட்டால், ஷிப்ட் மாறிவிட்டது என்றார். பக்கத்தில் வேறு யாரும் இருக்கிறார்களா என்றுகூட நினைத்தேன். நடக்கக்கூடியவற்றை எல்லாம் வரிசைப்படுத்திப் பார்ப்பது என் வழக்கம். அதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டேன்.

வேலையை விடும் கடிதத்தைப் பிரிவுத் தலைவியிடம் கொடுப்பதாகச் சொல்லியிருந்த நாளில் எனக்குப் பிற்பகல் ஷிப்ட். கண்டியில் பஸ் ஏறி, நின்றபடியே தொடர்களை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். முந்தின நாள் வந்தது நாமா, முகம். உணர்ச்சியைக் காட்டாதவருக்கு முகம் அடிப்படை அளவீட்டில் இருக்கிறதாம். நாங்கள் கருவிகளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவருவதுபோல. அது எனக்குப் பிடித்திருந்தது.

ஹெர்மோ, ஹெர்னே, குர்க்கு, மா, நாமா. குண்டசாலை தாண்டியதும் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தேன். ஆங்கில எழுத்தில் எச், கே, எம், என். வரிசை தப்பவில்லை. ஹெர்மோவும் ஹெர்னேயும் அகராதியில் ஒரே பக்கத்தில் இருக்கும். தொழிற்சாலையில் மனிதர்கள் அகரவரிசையில் கோபப்படுவதில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கி, வாசலில் நின்றே அவரை அழைத்தேன்.

"ஏங்க, இப்ப எங்க இருக்கீங்க?"

"வேலையிலதான்."

"புத்தகத்துல எந்தப் பக்கத்துல இருக்கீங்க?"

புத்தகத்தை மூடும் சத்தம் கேட்டது.

"லைப்ரரியில இருக்கேன் புள்ள. இங்க குளிராது," என்றார்.

கம்பனி ஆட்களைக் குறைத்துவிட்டது. கடைசியாக வந்தவர்களை முதலில் நிறுத்தினார்கள். வேறு வேலை கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று, தினமும் வேலைக்குப் போகும் நேரத்துக்கே அறையை விட்டுக் கிளம்பி நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறார். பாடம் நின்றால் எனக்குத் தெரிந்துவிடும் என்று பயந்திருக்கிறார்.

"நான் இன்னைக்கு லெட்டர் குடுத்திருப்பேன்," என்றேன்.

"தெரியும். அதுக்குள்ள சொல்லிறணும்னுதான் இருந்தேன்."

அதை நான் நம்பவில்லை. நம்பவில்லை என்று சொல்லவும் இல்லை. ஷிப்டுக்கு நேரமாகிறது என்று வைத்துவிட்டேன்.

உள்ளே போனதும் பிரிவுத் தலைவி கடிதம் எங்கே என்று சிங்களத்தில் கேட்டார். இப்போது போகவில்லை என்றேன். அப்படியானால் எப்போது என்றார். தெரியாது என்றேன். என் இடத்துக்கு வேறு ஆளை எடுக்கவேண்டாம் என்று அப்போதே அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டார்.

என் கணவர் இன்னும் பின்லாந்தில்தான் வேலை தேடிக்கொண்டிருக்கிறார். இப்போது நான் கேட்டுக்கொண்டபடி கேமராவைப் போட்டுத்தான் பேசுகிறோம். அழைப்பு வந்ததும் நான் முதலில் பார்ப்பது அவருக்குப் பின்னால் இருக்கும் சுவரை.