நைஸ் என்ற சொல்லின் பூர்வீகம்

அகராதி அலுவலகத்தில் அவளை எல்லோரும் 'நைஸ் அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். யார் விடுப்பில் போனாலும் அவர்கள் வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்வாள். முகம் சுளிக்க மாட்டாள். ஆங்கிலச் சொற்களின் பூர்வீகத்தைத் தோண்டி எழுதுவது அவள் பிரிவு. ஜன்னலோர மேசையும், தடித்த புத்தகங்களின் தூசி கொடுத்த தீராத தும்மலும் அவளுக்குச் சொந்தம்.

அகராதியின் தலைமை ஆசிரியர் ஓய்வு பெற்றபோது, அந்த நாற்காலி அக்காவுக்குத்தான் என்று வாட்ச்மேன் வரைக்கும் பேச்சு. வந்து உட்கார்ந்தவரோ முதலாளியின் மச்சான்.

"நீங்க நைஸ் டைப்மா, தப்பா எடுத்துக்க மாட்டீங்க," என்றார் முதலாளி. அவளும் தலையாட்டிவிட்டு வந்தாள்.

அந்த வாரமே வேலையில் 'நைஸ்' வந்து நின்றது. அதன் முப்பாட்டன் வரை தேடிப் போனாள். லத்தீனில் அந்த மூதாதைக்கு 'ஒன்றும் அறியாத' என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் நுழைந்தபோது அது முட்டாளைக் குறித்தது. புரண்டு புரண்டு, பல நூற்றாண்டு கழித்துத்தான் 'இனிமையான' என்று ஆனது. நம்மிடம் வந்தபின் நைசாகப் பேசிக் காரியம் சாதிக்கவும் கற்றுக்கொண்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"என்னம்மா, தனியா சிரிக்கிறீங்க?" என்று எட்டிப் பார்த்தார் புது ஆசிரியர். எல்லாவற்றையும் சொன்னாள். "அட, பிரமாதம்!" என்றார்.

அகராதி வெளியீட்டு விழாவில் அவர் அதை அப்படியே எடுத்துவிட்டார். "இந்த ஒரு சொல்லுக்காக நான் தூக்கமில்லாம அலைஞ்சேன்!" அரங்கம் அதிரக் கைதட்டியது.

"இது நீ வீட்ல சொன்ன கதையாச்சே?" என்றார் பக்கத்திலிருந்த கணவர்.

"கையைத் தட்டுங்க. எல்லாரும் பாக்கறாங்க."

மறுநாள் காலை நேரே புது ஆசிரியர் அறைக்குப் போனாள். "சார், அது என் உழைப்பு. என் பேரை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்." குரல் அவளையும் மீறி உயர்ந்துவிட்டது. வெளியே எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டினார்கள்.

"உங்களை என்னவோன்னு நினைச்சேன். இவ்ளோ அகங்காரமா?" என்றார் அவர்.

சாயங்காலத்துக்குள் அவளைப் பிழைதிருத்தும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். டீ போடும் இடத்தை நெருங்கும்போது உள்ளே பேச்சு கேட்டது. "வரவர அவங்களுக்கு வாய் ஜாஸ்தியாயிடுச்சு." சொன்னவள், இவள் தலையில் வேலையைக் கட்டிவிட்டுப் பிரசவத்துக்குப் போயிருந்த பெண்.

அவள் நுழைந்ததும் பேச்சு நின்றது. டீயை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள். யாரும் கூப்பிட வரவில்லை.