யாரும் விலைக்கு வாங்காத அரை மணி

பேருந்து சட்டென நின்றதில் விழுந்து முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்விழந்து படுத்தவர் கண்டக்டரம்மா. கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. தம்பிதான் ஒரு நிறுவனத்தில் சொல்லி, பார்த்துக்கொள்ள ஆள் வைத்தார். வந்தவளுக்குக் ‘குட்டை’ என்று பேர் வைத்தது கண்டக்டரம்மா.

“மெதுவாப் புரட்டுடி குட்டை, நான் என்ன மூட்டையா?”

“மூட்டைன்னா லக்கேஜ் டிக்கெட் போடணும்க்கா. கிழிக்கட்டுமா?”

படுக்கைப்புண்ணைக் கழுவும்போதுகூட இப்படிச் சிரித்தார்கள். அவள் போனதும் கண்டக்டரம்மாவைச் சந்தேகம் அரிக்கும். இந்தச் சிரிப்பு எனக்கா, சம்பளத்துக்கா? கேட்டுவிடலாம். சம்பளத்துக்குத்தான் என்று தெரிந்துவிட்டால்? மூத்திரப் பையை மாற்றுகிறவளிடம் அப்புறம் எந்த முகத்தோடு பேசுவது?

ஒரு மாலை, வேலை முடிந்து கிளம்பியவள் திரும்பி வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள். பெற்ற மகள் தன்னோடு பேசுவதில்லை என்று அழுதாள். அரை மணி. அதை யாரும் விலைக்கு வாங்கவில்லை. சந்தேகம் தீர்ந்தது.

கண்டக்டரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் வழக்கம்போல் விசாரிக்க போன் செய்த நிறுவனத்தின் மேற்பார்வையாளரிடம் வாயாரப் புகழ்ந்தார்: “தங்கமான பொண்ணு சார். நேரம் முடிஞ்சும் உக்காந்து தன் கஷ்டத்தைச் சொல்லுது. கூடப்பொறந்தவ மாதிரி.”

அடுத்த நாள் வேறொருத்தி வந்தாள். நோயாளியோடு ஒட்டுறவு கூடாது என்பது நிறுவனத்தின் விதியாம். குட்டையை எங்கே மாற்றினார்கள் என்று சொல்வதும் விதிக்குப் புறம்பாம்.

“எல்லாம் தலையெழுத்துக்கா” என்றார் தம்பி.

எவர் தலையிலும் எதுவும் எழுதியிருக்கவில்லை. குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து மனிதர்கள் எழுதிய விதி அது. ஒருத்தி இன்னொருத்தியின் மலத்தை அள்ளலாம். மனம்விட்டுப் பேசினால் குற்றம். இதற்குப் பெயர் ஒழுங்காம்!

புதியவளுக்கும் நல்ல கை. சில வாரங்களில் தன் மாமியாரைப் போல நடித்துக்காட்டிச் சிரிக்கவைக்கும் அளவுக்கு வந்துவிட்டாள். ஒருநாள் கண்டக்டரம்மாவைச் சுவர்ப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அதே மேற்பார்வையாளர்.

“புது ஆள் எப்படிம்மா? நல்லாப் பழகுறாங்களா?”

“பழக்கமெல்லாம் ஒண்ணுமில்ல சார். வருது, வேலையப் பாக்குது, போகுது. வேலைக்காரிகிட்ட எனக்கென்ன பேச்சு?”

முதுகில் துணி நின்றது. அவள் முகத்தைப் பார்க்கக் கண்டக்டரம்மாவால் தானாகத் திரும்ப முடியாது. காரணத்தைச் சொல்லலாம். சொன்னால் மறுபடி அதே சிநேகம், அதே ஆபத்து. வாயை மூடிக்கொண்டார்.

துணி மறுபடி நகர்ந்தது, கொஞ்சம் வேகமாக. முடித்ததும் அவள் கண்டக்டரம்மாவை நிமிர்த்திப் படுக்கவைத்தாள், போர்வையைச் சரிசெய்தாள்.

“வேற ஏதாவது வேணுங்களா மேடம்?” என்றாள்.

நேற்றுவரை அக்கா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.