ஜேர்மன் விதிகள்

எண்பதுகளின் நடுவில் மைத்துனன் ஜேர்மனியிலிருந்து ஒரு பலகை விளையாட்டை எங்கள் ஊரான வேலணைக்கு அனுப்பியிருந்தான். பெட்டிக்குள் கிடந்த தாளும் ஜேர்மன் மொழியில்தான் இருந்தது. வீட்டில் படித்தவன் என்று பெயரெடுத்திருந்த நான் அதை இரண்டு நாள் முறைத்துப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவர் ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்; ஜேர்மனும் தெரியும் என்றார்; ஒடிசலான மனிதர். சால்வைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைக்காமல் எதையும் வாசிக்கமாட்டார்.

பின்னேரங்களில் வந்து எங்களோடு விளையாடுவார். அவர் தோற்கத் தொடங்கும்போதெல்லாம் தாளில் ஒரு புது விதி அகப்படும்.

“ஐயா, நேற்று காய் பின்னுக்குப் போகேலாது எண்டனீங்கள்,” என்றாள் மனைவி.

“அது முதல் பந்தி, பிள்ளை. இது இரண்டாம் பந்தி. தம்பி படிச்சவர்தானே, அவரைக் கேளும்.”

“ஓம், அப்பிடித்தான் கிடக்கு,” என்றேன்.

மூன்றாம் மாதம் மைத்துனனின் கடிதம் வந்தது. விதித்தாளை வைக்க மறந்துவிட்டானாம். பெட்டிக்குள் இருப்பது, சிறுபிள்ளைகள் காய்களை விழுங்காமல் பார்க்கச் சொல்லும் எச்சரிக்கையாம்.

மனைவி காணுமுன் கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். அன்றும் அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, வெல்லப்போன என் மனைவியின் காய் திரும்பவும் முதற்கட்டத்துக்குப் போகவேண்டும் என்று வாசித்தார். நான் எட்டிப் பார்த்து, அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். அது நன்றியா, பரிதாபமா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.