தக்காளிப் புழுவும் மயிலைப் பசுவும்

வெள்ளைக்காரன் காலத்தில் எனக்குக் கல்யாணமாகி எழுமலைக்கு வந்தபோது, தக்காளி விதையைச் சாம்பலில் புரட்டி என் முந்தானையில் முடிந்து அனுப்பினாள் அம்மா. எங்கள் கீழக்குயில்குடிப் பக்கம் கிணற்றடியில் தக்காளி போடுவோம். புகுந்த வீட்டிலோ பருத்தி, சோளம், வரப்பில் துவரை. குழம்புக்குப் புளிதான். மாமனார் கிணற்றை ஒட்டி ஒரு துண்டு நிலத்தை எனக்கென்று விட்டார். வாயால் சொல்லவில்லை. பாத்தி கட்டிவிட்டுப் போய்விட்டார்.

அப்போது எங்களில் மருமகள் மாமனாரிடம் நேரே பேசக் கூடாது. சொல்ல வேண்டியதை மாட்டிடம் சொல்ல வேண்டும். அவர் காதில் விழும். எங்களுக்கு வெளுத்த சாம்பல் நிறத்தில் ஒரு மயிலைப் பசு இருந்தது. "ஏ மயிலை, சோறு ஆறுதுன்னு சொல்லு" என்பேன். "வாரேன்னு சொல்லு மயிலை" என்பார். "இந்த வீட்ல ரெண்டு பக்கத்துப் பேச்சும் தெரிஞ்சது அந்த மாடு ஒண்ணுதான்" என்று அத்தை சிரிக்கும். எனக்கு மாட்டிடம் பேசவே கூச்சமாக இருக்கும்.

செடி சிறிதாக இருக்கையிலேயே இலை சல்லடையானது. இலையடியில் பஞ்சு ஒட்டினாற்போல முட்டை, அதிலிருந்து கூட்டமாய்க் குஞ்சுப் புழு. பெரிதானதும் பகலெல்லாம் மண்ணுக்குள் கிடக்கும். அந்த இலைகளைக் கிள்ளிப் புதைத்தோம், மாமா சாம்பல் தூவினார், அடங்கியது. தை பிறந்து காய் திரண்டதும் வேறு தொல்லை. காய்க்குக் காய் ஓட்டை. மறுபடி சாம்பல் தூவினார். அசையவில்லை. பச்சையில் ஒரு புழு, காவியில் ஒன்று, ரோஸ் நிறத்தில்கூட ஒன்று.

"மூணு சாதிப் புழு வந்து இறங்கியிருக்கு. பருத்திக்குத் தாவிட்டா நம்ம கதை முடிஞ்சது. காலைல எல்லாத்தையும் பிடுங்கிட்டு வெங்காயம் வைக்கணும்" என்று மாமா அத்தையிடம் சொன்னார்.

அத்தை என் பக்கம் திரும்பியது. "உங்க ஆத்தா விதையோட புழுவையும் சேத்து முடிஞ்சு விட்டிருக்கா. வேற ஒண்ணும் இம்புட்டுத் தாராளமாக் கொடுக்கலையே!"

என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். செடி போவதுகூடப் பெரிதில்லை. புழுவைக் கொண்டுவந்தவள் என்ற பெயரோடு அந்த வீட்டில் எத்தனை வருஷம் இருப்பது?

பொழுது சாய்வதற்குள் போய் ஓட்டைக் காயாய்ப் பறித்துப் பிட்டுப் பார்த்தேன். இலைப் புழுவுக்குக் கழுத்துக்குப் பின்னால் கறுப்புத் திட்டு இருந்தது. இதற்கு அது இல்லை. நிறம் எதுவானாலும் பக்கவாட்டில் வெளுத்த கோடு ஓடியது. எல்லாம் ஒரே மாதிரி, தலை காய்க்குள்ளே, பின்பாதி வெளியே, ஓட்டை வாயில் எச்சம். திரும்பும்போது குழம்புக்கு வரப்பில் பச்சைத் துவரங்காய் ஒடித்து வந்தேன். அடுப்பங்கரையில் உட்கார்ந்து உரித்தால் ஒரு காயில் உருண்டையாய் ஓட்டை. உள்ளே பச்சைப் புழு, அதே கோடு, அதே உட்காரல். இன்னொரு காயில் காவி நிறத்தில் ஒன்று. தக்காளியில் ஒன்று, துவரையில் ஒன்று என்று ரெண்டு பச்சைப் புழுவை எடுத்து வைத்தேன்.

காலையில் மாமா மண்வெட்டியோடு தொழுவத்துக்கு வந்தார். நான் பசுவுக்குப் பின்னால் மறைந்து நின்று ஒரு கொட்டாங்கச்சியை அவர் பக்கம் தரையில் தள்ளினேன். உள்ளே ரெண்டு பச்சைப் புழுவும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு கிடந்தன.

"ஏ மயிலை, ஒண்ணு தக்காளியில எடுத்தது, ஒண்ணு நம்ம துவரையில எடுத்தது. எது எதுன்னு சொல்லச் சொல்லு."

குனிந்து உட்கார்ந்து வைக்கோலால் புரட்டிப் பார்த்தார். "செடியில மூணு நெறம் இருக்கேன்னு கேளு மயிலை."

"துவரையிலயும் காவி இருக்கு மயிலை. நெறத்தை விட்டுட்டுக் கோட்டைப் பாக்கச் சொல்லு."

மண்வெட்டியோடு எழுந்து போனார். பிடுங்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். பசுவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தவர் உள்ளங்கை நிறையத் துவரங்காய் வைத்திருந்தார். மாட்டைப் பார்க்கவே இல்லை.

"ஏத்தா, இது காலங்காலமா நம்ம காட்டுல கிடக்குற காய்ப்புழுவுல்ல!"

"ஆமா மாமா" என்றேன். சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அத்தை வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. "புழு நம்மதாவே இருக்கட்டும். அதுக்குத் தக்காளி விருந்து வச்சது யாராம்?" என்றது. ஆனால் சிரித்துக்கொண்டே.

செடியைப் பிடுங்கவில்லை. தினம் காலையில் தக்காளியிலும் துவரையிலும் ஓட்டைக் காயைப் பறித்துப் புழுவைக் கோழிக்குப் போட்டோம். பாதிக் காய் போனது. மீதியில் ரசம் வைத்தேன்.

மறுநாளிலிருந்து மாமா பழையபடி மாட்டிடமே பேசினார். சோறு, தண்ணீர், ஊர்ச் சேதி எல்லாம் அதன் வழியாகத்தான். புழு விஷயத்துக்கு மட்டும் மாடு வேண்டாம். அவர் கண் மங்கிப்போன பிறகும், காய் பிடிக்கும் காலத்தில் அடுப்பங்கரை வாசலில் வந்து நின்று, உள்ளங்கையில் ஒரு புழுவோடு கையை நீட்டுவார். "இதப் பாருத்தா, கோடு இருக்கா?"