வீங்கிய முகமும் கம்பனி மெசினும்

தனலெட்சுமி அக்காவைத் தெரியாதென்று சொல்ல இந்தத் தோட்டத்தில் ஒரு நாய்கூட இல்லை. தெமோதரைப் பக்கமிருந்து வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து இங்கேதான் கொழுந்து பறிக்கிறாள். லயத்து வரிசை வீடுகளில் எனக்குப் பக்கத்துக் காம்பரா. வாய் கொஞ்சம் நீளம். தண்ணிக் குழாயில் யாராவது முந்தினால் கங்காணி பெண்டாட்டியாக இருந்தாலும் கிழித்துத் தொங்கவிடுவாள். ஆனால் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதல் கஞ்சி அவள் அடுப்பிலிருந்துதான் வரும். புருசன் போன பிறகு மகள் மதுஷாவை ஒற்றை ஆளாகப் பதுளையில் படிக்க வைத்தாள். அப்படிப்பட்டவளைத்தான் ஒரு டப்பா இல்லை என்றது.

போன வருஷம் பெரட்டுக் களத்தில், காலையில் எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில், கம்பனி முகம் பார்க்கும் மெசினை மாட்டியது. காலையில் ஒரு தரம், மலையிலிருந்து இறங்கும்போது ஒரு தரம் முகம் காட்ட வேண்டும். இரண்டும் விழுந்தால்தான் வேலைக்கு வந்ததாகக் கணக்கு. கங்காணி வாயால் சொன்னால் செல்லாது. மெசினைச் சோதிக்கக் கொழும்பிலிருந்து ஆட்கள் வந்தார்கள். யாரை வைத்துச் சோதித்தார்கள் தெரியுமா? கந்தோரில் மேசை வேலை பார்க்கும் கிளாக்கர்மாரை! முகம் கழுவி, பவுடர் போட்டு, நிழலில் நின்றவர்களை! எல்லாரையும் மெசின் கண்டுபிடித்துவிட்டதாம். கை தட்டிவிட்டு, கேக் தின்றுவிட்டுப் போனார்கள். மலைக்கு ஒருத்தரும் ஏறவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள், பாறைக்கு மேலே இருந்த மரத்தில் குளவிக் கூடு கலைந்தது. எனக்கு அப்போது வயிற்றில் ஆறு மாதம். ஓட முடியாமல் மழைத்தண்ணி ஓடும் கானுக்குள் விழுந்துவிட்டேன். அக்கா தன் இடுப்பில் சுற்றியிருந்த சாக்குப் படங்கை அவிழ்த்து என்மேல் போட்டாள். அதன்மேல் தானும் கவிழ்ந்துகொண்டாள்.

"அசையாதடி, சனியனே!" என்று காதுக்குள் கத்தினாள்.

என்மேல் ஒரு குளவிகூடக் கொட்டவில்லை. அவள் முகத்தில் கொட்டாத இடமில்லை. கண் இரண்டும் மூடி, முகம் பணியாரம் மாதிரி உப்பிப்போனது.

தூக்கிக்கொண்டு இறங்கினோம். லொறியில் ஏற்றுவதற்கு முன்னால் கிளாக்கர் தயாபரன் அவள் நாடியைப் பிடித்து நிமிர்த்தி மெசினுக்குக் காட்டினான். ஆளைத் தெரியவில்லையென்று சிவப்பு வெளிச்சம். மறுபடி மறுபடி காட்டினான், அரை மணி நேரம் போயும் சிவப்புதான். அதற்குப் பிறகுதான் லொறி கிளம்பியது. பதுளை ஆஸ்பத்திரியில் ஒரு கிழமை, முழுசாக ஏழு நாள் கிடந்தாள்.

திரும்பி வந்து கந்தோரில் சுகயீன லீவு கேட்டால், அன்றைக்கு அவள் வேலையிலேயே இல்லையாம். குளவி எங்கே கொட்டியதோ, கம்பனிக்குப் பொறுப்பில்லையாம். தயாபரன் எங்கள் லயத்தில் வளர்ந்தவன். அவள் சுட்ட ரொட்டியைத் தின்றவன்.

"அக்கா, நீங்கதான்னு எனக்குத் தெரியும். மெசினுக்குத் தெரியலையே, நா என்ன செய்ய?" என்றான்.

"நீயெல்லாம் மனுசனாடா?" என்றாள் அக்கா.

அடுத்த கிழமை அதே கொழும்பு ஆட்கள் வந்தார்கள். மற்றத் தோட்டங்களிலும் மாட்டுவதற்கு முன்னால் ஒரு தரம் பார்த்துவிட்டுப் போக வேண்டுமாம். இந்த முறை எங்களை வரிசையில் நிறுத்தினார்கள். நாங்கள் அக்காவை முன்னால் விட்டோம். வீக்கம் முழுதாக வற்றவில்லை, முகம் கோணிக் கிடந்தது. சிவப்பு விழுந்தது.

அவர்களில் கண்ணாடி போட்ட ஐயா கையை அசைத்தார். "இந்த அம்மாவ விட்டுட்டு மத்தவங்கள நிக்கச் சொல்லுங்க. ஒரு ஆள்தானே, கணக்குல சேக்க வேணாம்."

அட பாவிகளா! தெரியாத ஆளைக் கணக்கிலேயே சேர்க்காவிட்டால் எந்த மெசின்தான் தோற்கும்?

"ஆமாங்க, ஒரு ஆளுதான்," என்றேன். "அந்த ஆளு இல்லாட்டி நானும் இல்ல, எ வயித்துல இருக்கறதும் இல்ல. அவங்கள விட்டா எங்க ஒருத்தி மூஞ்சியும் ஒங்க மெசின் பாக்காது."

தலைத்துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். பின்னால் நின்ற அத்தனை பேரும் மூடிக்கொண்டார்கள். ஒருத்தியும் மலைக்கு ஏறவில்லை. கடைசியில் தோட்டத்தை நடத்தும் துரையே இறங்கி வந்தார். மெசினுக்குத் தெரியாத ஆளுக்குக் கங்காணி சொல் செல்லும் என்று அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் கூடையைத் தூக்கினோம். அக்காவுக்குச் சுகயீன லீவும் கிடைத்தது.

இடது கண் மட்டும் அவளுக்கு இன்னும் தெரியவில்லை. சீக்கிரம் கொண்டுவந்திருக்கலாமே என்றார் டொக்டர்.