மாமல்லபுரம் மாணவர் விடுதி: ஒன்றேகால் வயது மகளோடு இருபத்துநான்கு நாட்கள்

கைக்குழந்தையோடு வெளியூர்ப் பயிற்சிக்குப் போகலாமா என்று என்னிடம் கேட்ட மூன்று தோழிகளுக்காக இதை எழுதுகிறேன். போனது ஜனவரியில், எழுதுவது ஏப்ரலில். மகள் யாழினி மதியம் தூங்கும்போது மட்டும் எழுதினால் ஒரு கட்டுரைக்கு இவ்வளவு நாளாகிறது, மன்னியுங்கள்.

நான் கட்டடப் பொறியியல் படித்தவள். பிரசவத்தோடு வேலையை விட்டேன். பழைய சுண்ணாம்புக் கட்டடங்களைப் பழுதுபார்க்கும் பிரிவில் இடம் இருக்கிறது, அதற்கான இருபத்துநான்கு நாள் பயிற்சியை முடித்துவிட்டு வா என்று பழைய அலுவலகத்தில் சொன்னார்கள். பயிற்சி மாமல்லபுரத்துக்குத் தெற்கே. மூன்று நாள் வராவிட்டால் சான்றிதழ் கிடையாது. எங்கள் வீடு சிங்கப்பெருமாள் கோயிலில். கணவருக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, குழந்தையை விட்டுப்போக வழியில்லை. காலை ஏழரைக்கே வகுப்பு என்பதால் தினமும் போய்வரவும் முடியாது. பயிற்சிக்கு வருபவர்கள் தங்கும் பன்னாட்டு மாணவர் விடுதியில் கேட்டேன். குழந்தையோடு வரலாம் என்றார்கள்.

வழி சுலபம். சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து செங்கல்பட்டுக்கு மின்சார ரயில், ஐந்து ரூபாய், கால் மணி நேரம். அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சுமார் முப்பது கிலோமீட்டர். பெண்களுக்குக் கட்டணமில்லாத பேருந்து கிடைத்தது. ஒரு மணி பத்து நிமிடம். மாமல்லபுரம் பேருந்து நிலையத்திலிருந்து விடுதி ஐந்தரை கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 150 ரூபாய்.

ஆட்டோக்காரர் என் இரண்டு பைகளையும் இடுப்பிலிருந்த யாழினியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாம்மா, கொயந்திய வெச்சிகினு ஹாஸ்டல்ல படிக்கப் போறியா?"

"ஆமாண்ணா."

"சூப்பரு. எம் பொண்டாட்டி கொயந்திய வெச்சிகினு டிவி கூட பாக்க முடிலன்றா."

திரும்பிப் போய்விடலாமா என்று நான் ஏற்கெனவே யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது உதவவில்லை.

விடுதியில் பதினோரு அறைகள், ஒரே சமையலறை, ஒரே நீளமான மேசை. அறைக்கு நாளொன்றுக்கு 450 ரூபாய், மூன்று வேளைச் சாப்பாடும் சேர்த்து. என் எதிர் அறையில் கானாவிலிருந்து வந்த அமா, கடல் அரிப்பு பற்றி ஆய்வு செய்கிறவர். பக்கத்து அறையில் கல் சிற்பம் பழகும் ஜப்பானியப் பெண் யூகி. கோடி அறையில் பரதநாட்டியம் கற்கும் அர்ஜென்டினா இளைஞர் மத்தேயோ. சமைப்பவர் பக்கத்து மீனவர் குப்பத்துச் செல்வியக்கா. கை வேலையாக இருந்தால் வாய் ஓயாது.

ஒவ்வொருவருக்கும் வகுப்பு ஒவ்வொரு நேரம். முதல் நாளே மூவரும் பேசிவைத்துக்கொண்டு, நான் வகுப்பில் இருக்கும்போது யாழினியைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். காலை முதல் பாதி அமா, அடுத்த பாதி யூகி, மாலை மூன்றிலிருந்து ஐந்துவரை மத்தேயோ. நான் கேட்கவே இல்லை. சம்பளமும் வாங்க மறுத்துவிட்டார்கள்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் குழந்தைக்குச் சோறு ஊட்டுவதை நாலு பேர் பார்க்க விடமாட்டோம், கண் பட்டுவிடும் என்று. படித்தவள்தான், நம்புகிறாயா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் கை தானாகக் கதவைச் சாத்திவிடும். காலை ஆறரைக்கும் மதியமும் ஆறு மணிக்கும் கிண்ணத்தைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு அறைக்குப் போய், தாழ் போட்டு ஊட்டுவேன். எனக்கு அதில் வித்தியாசமாக எதுவும் தெரியவில்லை.

நான்காம் நாளிலிருந்து யாழினி சாப்பிட மறுத்தாள். பருப்பு சாதம், இட்லி, ரசம் சாதம், எதைக் கொடுத்தாலும் வாயை இறுக்கிக்கொண்டாள். இரண்டு வாய்க்கு மேல் துப்பல். காய்ச்சல் இல்லை, பேதி இல்லை, விளையாட்டுக்கும் குறைவில்லை. எட்டாம் நாள் கணவரிடம் போனில் அழுதேன். "சர்டிபிகேட்டு அடுத்த வருசம் வாங்கிக்கலாம், கிளம்பி வந்துடும்மா" என்றார். அடுத்த வருடம் அந்த இடம் எனக்காகக் காத்திருக்காது என்பது இருவருக்கும் தெரியும்.

பத்தாம் நாள் வகுப்புக்கு விடுப்பு சொல்லிவிட்டுப் பையைக் கட்டினேன். செங்கல்பட்டில் வழக்கமாகத் தடுப்பூசி போடும் மருத்துவரிடம் காட்டுவது, அவர் ஒரு வார்த்தை கவலையாகச் சொன்னாலும் அப்படியே வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு. அமா தன் வேலையை விட்டுவிட்டுக் கூடவே வந்தார். பேருந்தில் யாழினி அவர் மடியில்தான் தூங்கினாள்.

மருத்துவர் எடை பார்த்தார். பழைய அட்டையைப் புரட்டினார். மறுபடி எடை பார்த்தார்.

"மூணு வாரம் முன்னாடி எட்டு கிலோ அறுநூறு. இப்ப ஒம்பது. சாப்பிடாத குழந்தையாம்மா இது?"

"டாக்டர், ரெண்டு வாய்க்கு மேல சாப்பிடறதே இல்ல."

"உங்ககிட்ட சாப்பிடல. வேற யார்கிட்ட இருக்கா?"

நான் அதை ஆங்கிலத்தில் அமாவிடம் சொன்னேன். அமா தலையைக் குனிந்துகொண்டார். "நான் தினமும் எட்டரைக்கு ஒரு கிண்ணம் சோளக் கஞ்சி கொடுக்கிறேன்" என்றார் மெதுவாக. "இவள் சாப்பிட்டு நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. உனக்கு வசதி இல்லையோ, உடம்பு முடியவில்லையோ என்று நினைத்தேன். எங்கள் ஊரில் ஒரு தாயிடம் 'உன் பிள்ளைக்குப் பசிக்கிறதா' என்று கேட்கமாட்டோம். ஊட்டிவிடுவோம்."

அங்கேயே மற்ற இருவருக்கும் போன் போட்டார். பத்தரைக்கு யூகி முட்டை போட்ட அரிசிக் கஞ்சி. நான்கு மணிக்கு மத்தேயோ பாலில் ஊறிய ரொட்டியும் வாழைப்பழமும். கேட்டால் எனக்கு அவமானமாக இருக்கும் என்று மூவரும் தனித்தனியாக வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒருவர் ஊட்டுவது மற்றவருக்குத் தெரியாது.

மருத்துவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. வெளியே வந்ததும், "யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள்? கடலையோ எதுவோ ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால்?" என்று அமாவிடம் கத்திவிட்டேன். அவர் "தப்புதான்" என்றார். பிறகு, "என் பையனுக்கு நாலு வயது. அம்மாவிடம் விட்டு வந்திருக்கிறேன். அவன் சாப்பிடுவதைப் பார்த்துப் பதினான்கு மாதம் ஆகிறது" என்றார்.

செங்கல்பட்டு பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டே கண் படுவது பற்றி அவருக்கு விளக்கினேன். ஆங்கிலத்தில் சொல்லும்போது எனக்கே கூச்சமாக இருந்தது. அமா கூச்சப்படவில்லை. "கண் படாமலிருக்க என் அம்மா என் பையனுக்கு இடுப்பில் பாசிமணி கட்டினார், சுத்தமாக வேலை செய்யவில்லை. உன் கதவு நன்றாக வேலை செய்திருக்கிறது, எங்கள் யார் கண்ணிலும் படவில்லையே" என்றார். அப்போதுதான் சிரித்தேன். வீட்டுக்கு ரயில் ஏறவில்லை. பன்னிரண்டு ஐம்பது பேருந்தில் விடுதிக்கே திரும்பினோம்.

யூகியும் மத்தேயோவும் வாசலிலேயே நின்றிருந்தார்கள், திட்டு வாங்கத் தயாராக. செல்வியக்கா விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னைத்தான் பிடித்துக்கொண்டார்.

"கதவ சாத்திகினு ஊட்றது நம்ம வயக்கம், இதுங்களுக்கு இன்னா தெரியும்? ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா?"

"நீங்களாவது சொல்லியிருக்கலாமேக்கா."

"நீதான் ஊட்டச் சொல்லிகீறன்னு நான் நெனச்சிகினு கீறேன்! நாலு வூட்டுச் சோறு துன்னுட்டு உங்கிட்ட மட்டும் எப்டி வாயத் தொறக்கும்?"

அன்று மாலை யாழினியை அந்த நீளமான மேசையில் உட்காரவைத்து ஊட்டினேன். எல்லாரும் பார்த்தார்கள், வேண்டுமென்றே. மத்தேயோ ஒவ்வொரு வாய்க்கும் கைதட்டினார். என் கண் கதவுப் பக்கமே போனது உண்மை. அவள் ஒரு கிண்ணம் சாப்பிட்டாள்.

பயிற்சியை முடித்தேன். ஒரே ஒரு நாள் விடுப்பு.

இனி உங்களுக்கான விவரங்கள். அறையில் தண்ணீர் கொதிக்கவைக்கும் மின் கெட்டில் இருக்கிறது, கொசுவலை இல்லை, கொண்டுபோங்கள். கடற்காற்றில் துணி சீக்கிரம் காயாது, பிசுபிசுக்கும். குழந்தைக்கான மருந்து, மாவு எல்லாம் மாமல்லபுரத்திலேயே கிடைக்கும். உங்கள் மருத்துவர் செங்கல்பட்டில் என்றால் வாசலிலிருந்து வாசலுக்கு இரண்டு மணி நேரம் கணக்கு வையுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம்: பல நாட்டுக்காரர்களோடு இருக்கும்போது நம் வீட்டு வழக்கங்களை முதல் நாளே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், அசட்டுத்தனமாகத் தோன்றினாலும் பரவாயில்லை. குழந்தைக்கு எது ஆகாது என்பதையும் சொல்லுங்கள். குளிர்சாதனப் பெட்டிமேல் ஒரு தாள் ஒட்டி, யார் எப்போது என்ன ஊட்டினாலும் எழுதச் சொல்லுங்கள். நாங்கள் பதினோராம் நாளிலிருந்து அப்படித்தான் செய்தோம். கிளம்பும் நாள் காலையில் அந்தத் தாளை உரித்து எடுத்தேன். அமாவின் கையெழுத்துக்கும் யூகியின் குட்டி எழுத்துக்கும் கீழே, அதுவரை ஒரு வரிகூட எழுதாத செல்வியக்கா எழுதியிருந்தார்: "பஸ்ல பசிக்கும். உன் பைல இட்லி வெச்சிகீறேன். கேக்கல, சொல்றேன்."